லஷ்கரின் மாதா கோயில்

'கோயில்' என்னும் சொல்லைப் பிரித்தால் 'கோ' என்றும் 'இல்' என்றும் இரண்டாகும். கோ என்பான் அரசன்; இல் என்பது அவன் உறையும் மனை. அரசன் மனைக்கு வழங்கிய சொல்லே நாளடைவில் இறைவன் உறையும் இடத்திற்கும் உரியதாயிற்று. பழந்தமிழ் நூல்களில் அரண்மனை என்ற பொருளிலேயே இச்சொல் ஆளப்பட்டிருத்தலைப் புலவர் பெருமக்கள் எடுத்துக் காட்டுவர். இஃது ஒருபுறம் நிற்க. மேலை நாட்டிலே 'பசிலிக்கா' என்றொரு சொல் உண்டு. கிரேக்க மொழியில் 'பசிலியுஸ்' என்றால் அரசன். அரசனுக்குரிய மண்டபம் பசிலிக்கா. அதுவும் நாளடைவில் இறைவன் இல்லத்திற்குப் பெயராயிற்று. ஒன்றையொன்று அறியாத இரு மொழிகள் ஒரே வழியில் நடந்து ஒரே வாயிலில் வந்து நின்றமை வியப்பன்றோ?

இவ்வியப்பை நாம் எண்ணிப் பார்த்தற்குக் காரணமான கட்டடம் ஒன்று நம் கண்ணெதிரிலேயே நிற்கிறது. செகந்திராபாத்தின் சரோஜினி தேவி சாலையில் செல்லும் பேருந்துகளில் நம்மவர் நாள்தோறும் அதனைக் கடந்து செல்கின்றனர். ஊரார்க்கு அது 'செயின்ட் மேரீஸ்'. 2008ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7ஆம் நாள் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அவர்கள் அதனைப் பசிலிக்கா நிலைக்கு உயர்த்தியதிலிருந்து 'விண்ணேற்பு அன்னை பசிலிக்கா' என்பது அதன் முறையான பெயர். தமிழ்க் குடும்பத்து முதியோர்க்கோ அது என்றும் 'மாதா கோயில்'தான். உரோமாபுரி 2008இல் கொடுத்த பெயரின் பொருளை நம் பாட்டிமார் அதற்கு நெடுங்காலம் முன்பே தம் வாய்ச்சொல்லால் கொடுத்துவிட்டனர் என்று சொன்னால் அது மிகையாகாது.

பசிலிக்கா என்பது தொடக்கத்தில் சமயக் கட்டடமே அன்று. உரோமர் தம் நகரின் நடுவே, மக்கள் கூடும் சதுக்கத்தை ஒட்டி, நீண்ட மண்டபம் ஒன்றை எழுப்பினர். வழக்குரைத்தலும் வாணிகம் பேசுதலும் அங்கே நிகழ்ந்தன. இருமருங்கும் தூண் வரிசை. நடுவே அகன்ற நடைக்கூடம். பக்கங்களில் குறுகிய கூடங்கள். நடுக்கூடத்தின் கூரையைப் பக்கக் கூரைகளினும் உயர்த்தி, அவ்வுயரத்தில் சாளரங்களை அமைத்து மேலிருந்து ஒளி இறங்குமாறு செய்தனர். கூடத்தின் கோடியில் அரைவட்டமாக ஒரு மேடை. நடுவர் அங்கே வீற்றிருந்து நீதி வழங்குவார். கி.பி. 313இல் கிறித்தவம் உரோமப் பேரரசில் உரிமை பெற்றபின், பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தில் ஆலயங்கள் எழுப்ப வேண்டி வந்தபோது, பழைய தெய்வங்களின் கோயில் வடிவத்தை அவர்கள் மேற்கொள்ளவில்லை. அக்கோயில்கள் சிலையை உள்ளே வைத்து மக்களை வெளியே நிறுத்தியவை. கிறித்தவ வழிபாட்டிற்கோ அனைவரும் உள்ளே கூடுதல் வேண்டும். ஆகவே நீதி மன்றத்தின் வடிவையே எடுத்துக்கொண்டனர். நடுவர் இருந்த அரைவட்ட மேடைக்கருகே பலிபீடம் அமைந்தது.

எல்லாரும் ஒரே கூரையின்கீழ் கூடுதற்கென்று எடுத்த வடிவம் இது. ஆயினும் நம் தமிழ் மண்ணிலே இவ்வடிவத்திற்கு நேர்ந்த ஓர் இழுக்கையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872ஆம் ஆண்டளவில் எழுந்த ஆலயம், ஒரே பீடத்தை நோக்கிய இரு கூடங்களாகக் கட்டப்பட்டது. சாதிக்கொரு கூடம், இடையே சுவர். பீடத்தில் நின்ற குருவானவர்க்கு இரு பக்கமும் தெரியும். வழிபட வந்தவர்க்கு ஒருவர் முகம் மற்றவர்க்குத் தெரியாது. 1910இல் அச்சுவர் இடிக்கப்பட்டது. வழக்கு மன்றம் வரை சென்ற பூசல்களையும் அது கிளப்பிற்று. கட்டடக்கலை வரலாறு என்று நாம் படிப்பவற்றுள் இத்தகைய சுவர்களின் வரலாறும் அடங்கும்.

இன்று பசிலிக்கா என்பது வடிவத்தைக் குறிப்பதன்று; பட்டத்தைக் குறிப்பது. உரோமையிலுள்ள தூய பேதுரு, தூய பவுல், இலாத்தரன் யோவான், மரியன்னை ஆகிய பேராலயங்கள் நான்கு மட்டுமே பெரும் பசிலிக்காக்கள். உலகெங்கும் உள்ள ஏனையவை சிறு பசிலிக்காக்கள் எனப்படும். 'சிறு' என்றதனால் அவற்றின் பெருமை சிறிதென்று கொள்ளற்க. தொன்மையாலோ, மக்கள் திரளும் பக்தியாலோ, கலைச் சிறப்பாலோ தனித்து விளங்கும் ஆலயத்திற்கு மறைமாவட்ட ஆயர் விண்ணப்பித்து, திருத்தந்தையின் இசைவு கிடைத்தாலன்றி இப்பட்டம் வாராது. ஆலயத்தின் தகுதிகளையெல்லாம் நிரல்படத் தொகுத்து அனுப்புதல் வேண்டும். அதனைப் பரிசீலிக்க ஓர் அலுவலகமும் உண்டு. கோப்புகளோடு வாழும் எம்மனோர்க்கு இந்நடைமுறை புதிதாகத் தோன்றாது. பட்டம் வந்தபின் கட்டடத்தில் ஒரு செங்கல்லும் கூடுவதில்லை. பதவி உயர்வு ஆணை வந்தும் அதே நாற்காலியில் அமர்ந்திருப்பாரை நாம் கண்டதில்லையா?

ஆயினும் பட்டத்தோடு சில சின்னங்கள் வரும். ஒன்று குடை; சிவப்பும் மஞ்சளும் மாறிமாறி வரும் பட்டால் ஆகிய அது, திருத்தந்தை எப்போது வந்தாலும் வரவேற்கும் பாங்கில் பாதி விரித்து வைக்கப்படும். மற்றொன்று தண்டின் மேல் கட்டிய மணி. ஊர்வலத்தின் முன்னே செல்வது. குறுக்காக வைத்த இரு திறவுகோல்களைப் பொறித்துக்கொள்ளும் உரிமையும் உண்டு. பேதுரு, பவுல் திருநாளாகிய ஜூன் 29ஐத் தனிச் சிறப்போடு கொண்டாடும் கடமையும் உண்டு. வெண்கொற்றக் குடையையும் மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணியையும் பள்ளியிலேயே படித்த தமிழர்க்கு, குடையும் மணியும் அரச மன்றத்தின் அடையாளங்கள் என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை.

இனி நம் ஊர்க்கு வருவோம். 1798இல் ஐதராபாத் நிஜாமுக்கும் ஆங்கிலக் கும்பெனிக்கும் ஏற்பட்ட துணைப்படை உடன்படிக்கையின் பயனாய், உசேன் சாகர் ஏரிக்கு வடக்கே கும்பெனிப் படை கூடாரமிட்டது. 1806இல் மூன்றாம் நிஜாம் சிக்கந்தர் ஜா அவர்களின் பெயரால் அப்படைவீடு செகந்திராபாத் எனப் பெயர் பெற்றது. ஊர் மக்கள் அதனை 'லஷ்கர்' என்றே அழைத்தனர். படை என்பது அதன் பொருள். ஆடித் திங்களில் நடைபெறும் போனாலு விழாவை இன்றும் 'லஷ்கர் போனாலு' என்கிறார்கள் அல்லவா?

இப்படைவீடு சென்னைப் படையின் ஆட்சிக்குட்பட்டது. ஆகவே இங்கு வந்தவருள் தமிழர் பலர். சிப்பாய்கள் மட்டுமா வந்தனர்? ஒரு பட்டாளம் இடம் பெயர்ந்தால் அதன் பின்னே ஓர் ஊரே பெயரும். பல்லக்குத் தூக்குவோர், சமையற்காரர், குதிரைக்காரர், வண்ணார், நாவிதர், கொத்தர், தச்சர், தானியமும் துணியும் விற்கும் வணிகர், கணக்கெழுதும் இராயசக்காரர் என அத்திரளை எண்ணி முடியாது. பின்னாளில் நம்முள் பலர் இரயில்வேயிலும் மைய அரசு அலுவலகங்களிலும் பணியேற்று இந்நகரம் வந்தோம். நாம் வருமுன்பே நமக்கு வழி போட்டவர்கள் அவர்கள். ரெஜிமென்டல் பஜார் என்னும் பெயர் இன்றும் அவர்களின் சுவடாக நிற்கிறது.

படைவீட்டில் ஆங்கிலேயர் தமக்கென 1813இல் தூய யோவான் ஆலயத்தை அமைத்துக்கொண்டனர். அஃது இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்தது. ஆயின் கும்பெனியின் வெள்ளைச் சிப்பாய்களில் ஐரிஷ்காரர் மிகுதி, அவர்கள் கத்தோலிக்கர். தமிழ்ச் சிப்பாய்களிலும் ஊழியரிலும் கத்தோலிக்கர் இருந்தனர். ஆளும் இனத்தாரின் படையில் கூலிக்குப் போரிடும் ஐரிஷ்காரனும், அவனுக்குப் பின்னே மூட்டை சுமந்து வந்த தமிழனும் ஒரே பூசைக்கு முழந்தாளிட்டனர். அப்பூசை இருவருக்கும் தாய்மொழியல்லாத இலத்தீனில் நடந்தது.

இம்மக்களுக்கு ஆலயம் எழுப்ப முன்வந்தவர் தானியேல் மர்ஃபி என்னும் அயர்லாந்துக் குரு. 1815இல் கார்க் மாவட்டத்தில் பிறந்த இவர் 1838இல் குருப்பட்டம் பெற்றுச் சென்னை மறைப்பணிக்கு வந்தவர். 1840இல் செகந்திராபாத்தில் ஆலயப் பணியைத் தொடங்கியபோது அவர்க்கு அகவை 25. பணி முடிய பத்தாண்டு ஆயிற்று. 1850இல் ஆலயம் நிறைவெய்தியது. அதே 1840இல்தான் இலண்டனில் தீக்கிரையான பாராளுமன்றத்திற்குப் புதிய கட்டடம் கூர்வளைவுக் கோதிக் பாணியில் தொடங்கப்பட்டது. பிரான்சில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பிறந்து, இடையே மதிப்பிழந்து கிடந்த அப்பாணி, உலகெங்கும் மறுபடி தலையெடுத்த காலம் அது. அதன் அலை தக்காணத்துப் பாறை மேட்டிலும் வந்து மோதிற்று என்பதற்கு நம் மாதா கோயில் சான்று.

கோதிக் பாணியின் நுட்பம் எளிது. வட்ட வளைவு தன் சுமையைப் பக்கவாட்டில் மிகுதியாகத் தள்ளும். கூர்வளைவோ சுமையைக் கீழ்நோக்கிச் செலுத்தும். எஞ்சிய தள்ளுவிசையைத் தாங்கச் சுவரின் வெளிப்புறத்தே இடைவெளி விட்டு உதைசுவர்கள் எழுப்பப்படும். அதனால் இடைப்பட்ட சுவரில் பெரிய சாளரம் திறக்கலாம், உயரமும் கூட்டலாம். நம் ஆலயத்தில் இவ்வளைவுகளையும் உதைசுவர்களையும் காணலாம். நடுப்பீடம் மரியன்னைக்குரியது, பக்கப்பீடங்கள் பிற புனிதர்க்குரியவை. மேனாட்டுப் பேராலயங்களோடு ஒப்பிட்டால் இஃது அடக்கமான கட்டடமே. இந்தியச் சூழலுக்கேற்ப இறங்கி வந்த இப்பாணியை அறிஞர் 'இந்தியக் கோதிக்' என்பர். படம் பிடித்துக் காட்டுதற்கேற்ற பகட்டு அதில் இல்லை. ஆனால் சித்திரை வெயிலில் உள்ளே நுழைந்து பத்து நிமிடம் அமர்ந்தவர்க்கு, உயர்ந்த கூரையின் அருமை தெரியும்.

அதுவரை சென்னை மறைப்பணியின் கீழிருந்த ஐதராபாத் 1851இல் தனி மறைப்பகுதியாயிற்று. மர்ஃபி அவர்களே அதன் முதல் தலைவர். அவர் கட்டிய ஆலயமே தலைமை ஆலயம். 1865இல் அவர் ஆஸ்திரேலியாவின் தெற்கே டாஸ்மேனியாவிலுள்ள ஹோபார்ட்டுக்கு ஆயராக மாற்றப்பட்டார். அங்கேயே பேராயராகி 1907இல் தமது 92ஆம் அகவையில் மறைந்தார். இளமையில் ஒரு கண்டத்திலிருந்து மற்றொன்றுக்கும், நடுவயதில் அதனின்றும் வேறொன்றுக்கும் மாற்றப்பட்ட அவரைப் பற்றிப் படிக்கையில், மாறுதல் ஆணையால் ஊர் ஊராய்ச் சென்ற நமக்கு ஏனோ ஒரு நெருக்கம் தோன்றுகிறது.

அதன்பின் மிலான் நகரத்து இத்தாலியக் குருக்களின் காலம். அவர்கள் ஐதராபாத் நகருக்குள்ளேயே ஓர் ஆலயம் வேண்டுமென்று கன்ஃபவுண்டிரிப் பகுதியில் 1870இல் தூய சூசையப்பர் ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டினர். 1875ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் பூசை அங்கே நடந்தது. (நிஜாமின் படையில் தளபதியாயிருந்த பிரெஞ்சுக்காரர் ரேமண்ட், பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே பீரங்கி வார்க்கும் பட்டறை நடத்தினார், அதனால் வந்த பெயர் கன்ஃபவுண்டிரி. அந்த ரேமண்டை ஊர் மக்கள் 'மூசா ராம்' ஆக்கிக்கொண்டது தனிக் கதை.) தலைமை ஆலயம் என்னும் சிறப்பு அங்கே சென்றது. செகந்திராபாத் ஆலயம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வெறும் பங்கு ஆலயமாகவே நின்றது. நிஜாம் ஆட்சி 1948இல் முடிந்தது. 1956இல் ஆந்திரப் பிரதேசம் பிறந்தது. இழந்த சிறப்புக்கு ஈடுபோல் 2008இல் பசிலிக்காப் பட்டம் வந்தது. 2014இல் தெலங்கானா மலர்ந்தது. ஆட்சிகள் மாறினும் ஆலய மணி மாறவில்லை.

வரலாறு இதுவரை ஐரிஷ், இத்தாலியப் பெயர்களையே சொல்லிற்று. அந்த 10 ஆண்டுகளில் சுண்ணாம்பு அரைத்தவர் யார்? சாரம் கட்டியவர் யார்? தம் மாதச் சம்பளத்திலிருந்து காசு கொடுத்த சிப்பாய் யார்? அவர்கள் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஆயினும் தமிழ்க் கத்தோலிக்கரின் பெயர் வைக்கும் முறையில் ஒரு பெருமிதம் உண்டு; அதனை ஈண்டுச் சற்று விரித்தல் தகும். அவர்கள் மேனாட்டுப் புனிதரின் பெயர்களை ஒலி மாற்றி மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை, பொருளறிந்து தமிழாக்கினர். பவுல் என்பதற்கு இலத்தீனில் 'சிறியவன்' என்று பொருள். அவர் சின்னப்பர் ஆனார். ஸ்தேவான் என்னும் கிரேக்கப் பெயர்க்கு 'முடி' என்று பொருள்; அவர் முடியப்பர் ஆனார். யோவான் என்னும் எபிரேயப் பெயர் இறைவன் அருளைக் குறிக்கும். அவர் அருளப்பர் ஆனார். பெனடிக்ட் ஆசீர்வாதப்பர் ஆனார். பயஸ் பத்திநாதர் ஆனார். நம் ஆலயத்திற்குப் பட்டம் தந்தவரைப் பழந்தமிழ்க் கத்தோலிக்க வழக்கில் 'பதினாறாம் ஆசீர்வாதப்பர்' என்போம். மூட்டை சுமந்து வந்தவனின் பெயர் முடியப்பனாக இருந்திருக்கக் கூடும் என்று எண்ணும்போது உள்ளம் நெகிழ்கிறது.

தமிழகத்துப் பசிலிக்காக்களை இப்பெயர் வழக்கோடு சொன்னால் இன்னும் இனிக்கும். திருத்தூதர் தோமையார் கல்லறை மீது நிற்பதாகப் போற்றப்படும் சாந்தோம் ஆலயம் 1896இல் கோதிக் பாணியில் மீண்டும் கட்டி முடிக்கப்பெற்று, 1956இல் பன்னிரண்டாம் பத்திநாதரால் பசிலிக்கா ஆயிற்று. வேளாங்கண்ணிக்கு 1962இல் இருபத்து மூன்றாம் அருளப்பர் அப்பட்டம் தந்தார். வீரமாமுனிவர் தொடர்புடைய பூண்டி மாதா ஆலயத்திற்கு 1999இல் இரண்டாம் அருள் சின்னப்பர் தந்தார். தூத்துக்குடிப் பனிமய மாதா ஆலயம் 1582இல் நேர்ந்தளிக்கப்பட்டது. சரியாக 400 ஆண்டு கழித்து 1982இல் பசிலிக்கா ஆயிற்று. முன்னாளில் முத்துக்குளித்த பரதவர் பெருமக்கள் அன்னைக்குத் தங்கத்தேர் செய்து வடம் பிடிக்கின்றனர். உரோமைப் பட்டத்தையும் தமிழ்த் தேரையும் ஒரே தெருவில் காண விரும்புவோர் ஆகஸ்டு 5ஆம் நாளில், தேரோடும் ஆண்டு பார்த்து, அங்கே செல்ல வேண்டும்.

ஆயின் நம் ஆலயத்திற்கு உண்மையான உடன்பிறப்பு பெங்களூர் சிவாஜிநகரிலுள்ள தூய மரியன்னை பசிலிக்கா. அதுவும் படைவீட்டு ஊர்; அங்கும் செஞ்சிப் பக்கத்திலிருந்து குடியேறிய தமிழர் ஓலைக் கூரையின்கீழ் வழிபாட்டைத் தொடங்கினர். ஆபே துபுவா என்னும் பிரெஞ்சுக் குரு பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிற்றாலயம் அமைத்தார். 1882இல் இன்றுள்ள கோதிக் ஆலயம் எழுந்தது. ஆறாம் சின்னப்பர் காலத்தில், 1974இல், பசிலிக்கா எனப் பறைசாற்றப்பட்டது. அவ்வன்னைக்குக் 'காணிக்கை மாதா' என்று பெயர். கன்னட நாட்டின் தலைநகரில் ஒரு தமிழ்ச் சொல் அன்னையின் பெயரில் தங்கியிருக்கிறது. கூலிக்குச் சென்ற இடத்திலும் நம் முன்னோர் விட்டுச் சென்றது இது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை கூடி, மக்கள் மொழியில் வழிபட வழி திறந்தது. செகந்திராபாத் பசிலிக்காவில் ஆங்கிலத்தோடும் தெலுங்கோடும் தமிழிலும் திருப்பலி நிறைவேற்றப்படுகிறது. சமயம் எதுவாயினும், இந்நகரில் தமிழ் ஒரு பொதுக்கூடத்தில் ஒலிக்கும் இடங்கள் எத்தனை என்று நாம் எண்ணிப் பார்த்தல் நன்று. தமிழ்ச் சங்க மேடை, சில முருகன் கோயில்கள், இந்த ஆலயம். நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். எழுத்து அறியாதவர் பலர். எழுத்தறியாத பிள்ளையும் கூட்டத்தோடு சேர்ந்து வாய்விட்டுச் சொல்லும்போது, 'இரக்கம்', 'மாட்சி', 'வாழ்த்துதல்' போன்ற சொற்கள் அதன் நாவில் ஏறுகின்றன. பாடநூல் செய்ய இயலாததை ஒரு ஞாயிறு காலை செய்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பங்கு ஆலயமும் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளைப் பேண வேண்டும் என்பது பதினாறாம் நூற்றாண்டின் திரெந்து சங்கம் முதல் உள்ள விதி. கல்வெட்டில் இல்லாத பெயர்கள் இத்தகைய ஏடுகளிலேதான் வாழ்கின்றன. ஆனால் இலத்தீனில் எழுதும் வழக்கமிருந்த காலத்தில் முடியப்பன் 'ஸ்தேபானுஸ்' ஆகவும், சின்னப்பன் 'பவுலுஸ்' ஆகவும் பதிவு பெறுவர். வீட்டுப் பெயர் தெரிந்தாலன்றி ஏட்டுப் பெயரைக் கொண்டு ஆளை அடையாளம் காண்பது அரிது. வீட்டுப் பெயர்களை நினைவில் வைத்திருப்போர் இன்று எண்பதைக் கடந்த முதியோர். பாட்டனார் எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தப் பட்டாளத்தோடு வந்தார், அவரை வீட்டில் எப்படி அழைத்தனர் என்னும் மூன்றையும் அவர்களிடம் கேட்டு, ஆண்டு குறித்து, ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்குமாறு லஷ்கர்ப் பகுதியில் வாழும் நம் குடும்பங்களைக் கேட்டுக்கொள்கிறோம். கத்தோலிக்கர் மட்டுமன்று, முதலியார், நாயுடு, பிள்ளை வீடுகளிலும் அதே பட்டாளத்தின் பின்னே வந்தவர் கதைகள் உண்டு.